ஒற்றைப் பக்கம் பத்து ரூபாய்

நோர்வூட் சந்தியில் எனக்கொரு கொமினிகேஷன்.
ரீலோட், போட்டோ கொப்பி, லெமினேட்டிங்,
உடைந்த போனுக்குப் புதுக் கண்ணாடி.
ஒற்றைப் பக்கம் பத்து ரூபாய் என்று
நானே எழுதி ஒட்டிய பலகை.

தைப் பனியில் ஜெசிந்தா வந்தாள்.
"பேங்க்ல இருந்து பேசினாங்க அண்ணே,
ஆறு நம்பர் வரும், சொல்லுங்கன்னாங்க.
சொன்னேன்."
சீட்டெடுத்த நாற்பத்தோராயிரம்.
மூத்தவனின் டியூஷன், கூரைக்கு இரண்டு தகரம்.
பொலிசில் எழுதிக்கொண்டார்கள்.
எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அன்றிரவு ஷட்டரைப் பாதி இறக்கி
அந்த நம்பருக்கு நான் எடுத்தேன்,
காது மந்தமான கிழவனாக.
"நீங்க கூப்பிட்டீங்களாமே, பேங்கா தம்பி?
சத்தமாப் பேசுங்க, மழை கொட்டுது."
ஆறு இலக்கம் கேட்டான்.
ரீலோட் போட வந்த மூன்று பெண்கள்
அன்று பறித்த கொழுந்தின் கிலோவைச் சொன்னேன்:
பதினெட்டு, இருபத்திரண்டு, பதினாறு.
"தப்பு ஐயா, திரும்பப் பாருங்க."
மறுநாள் மறுநாளின் நிறுவை.
ஐந்து இரவு. அவன் தொண்டை கட்டிப்போனது.
ஏமாற்றுவது இப்படி இனிக்கும் என்று
அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.
ஜெசிந்தாவிடம் நடித்துக் காட்டினேன்.
சிரித்தாள்.
கடனுக்கு அரை றாத்தல் பாண் வாங்கிப் போனாள்.

ஆறாம் இரவு நம்பர் செத்துவிட்டது.
எனக்கோ நாக்கு ருசி கண்டிருந்தது.
பணம் போய் விழுந்த கணக்கில் ஒரு பெயர்:
ச. புவனாம்பிகை.
அப்கொட் பக்கம் என்றான் ஒருவன்,
இன்னொருவன் படமே அனுப்பினான்,
திருவிழாவில், பச்சைச் சேலையில்.
கொப்பியில் பச்சை கறுப்பாக விழுந்தது.
மேலே 'கள்ளி' என்று தடித்த எழுத்து.
அறுபது தாள். கணக்கில் எழுதவில்லை.
பஸ் ஹோல்ட், சந்தை, கோயில் மதில்,
மைதா மாவில் நானே காய்ச்சிய பசை.

நாலாம் நாள் கடைக்குள் ஒருத்தி,
இடுப்பில் படங்குச் சாக்கு அவிழ்க்காமல்.
எந்தத் தாளை எந்தக் கடை அடித்தது என்று
அவளுக்குத் தெரியாது.
விலைப் பலகை பார்த்து வந்திருக்கிறாள்.
"மூவாயிரம் தாறேன், பேங்க் கார்டைக்
கொஞ்ச நாளைக்குக் குடுங்கக்கான்னான் ஒரு பையன்.
குடுத்தேன்.
தப்பில்லன்னு சொல்லல.
பெரட்டுல பேர் கூப்பிடுறப்ப
எனக்கு முன்னுக்கு வேற யாரோ 'கள்ளி'ங்கிறாங்க.
மக ஸ்கூலுக்குப் போகமாட்டேங்கிறா."
நாலாய் மடித்த தாளை விரித்தாள்.
"இதுல பேரை அழிச்சுத் தர எவ்வளவு?"

பாவம் ஒரிடம், பழி ஒரிடம் என்பார்கள்.
அப்படிச் சொல்லித் தப்பவும் முடியவில்லை:
கொஞ்சம் பாவம் இங்கேயும்தான் இருந்தது,
மூவாயிரம் ரூபாய்ப் பாவம்.

தண்ணீருக்கென்று நாளுக்கு இரண்டு கிலோ
என் தாயின் கொழுந்தில் கழித்தார்கள்,
வெயில் காலத்திலும்.
கழித்தவனின் பெயர் எனக்குத் தெரியும்,
வீடு தெரியும்.
அவன் படத்தை நான் ஒரு தாளும் அடித்ததில்லை.
ரீலோட்டுக்கு வந்தால் கதிரை போடுகிறேன்.
தொண்டை கட்டியவன் எந்த ஊரோ, எந்தக் கடலோ.
கைக்கு எட்டியவள் புவனாம்பிகை.

நான்தான் என்று சொல்ல வாய் வந்தது.
பெயரின் மேல் வெள்ளைத் தாள் வைத்து
ஒரு கொப்பி எடுத்துக் கொடுத்தேன்.
முகம் இருந்தது, பெயர் இல்லை.
காசு வேண்டாம் என்றேன்.
"ஒத்தப் பக்கந்தானே" என்று
பத்து ரூபாயை வைத்துவிட்டுப் போனாள்.

இரவு, மட்டக் கத்தியோடு மதில் மதிலாக.
முப்பத்தேழு வந்தது.
மிச்சத்தில் சில கிழிந்து
கண் மட்டும் நின்றது, சிலதில் சேலைக் கரை.
சுரண்டச் சுரண்டச் சுண்ணாம்புதான் உதிர்ந்தது.

நல்ல பசை.