ஓரத்தில் ப.நே.

வவுனிக்குளத்துத் துருசுக் கொட்டிலில்
கரண்ட் போய் வரும்போதெல்லாம் இந்தப் பலகை
1970 தை முதலாம் திகதி, விடிய ஐந்தரைக்குப்
புதிதாய்ப் பிறக்கும்.
நேற்று ஏறிய மூன்று அங்குலத் தண்ணி
அம்மாவும் பிறக்காத வருசத்தில் ஏறியதாய்ப் பதிவு.
நேரம் கேட்க இங்கே சிக்னலும் இல்லை.

நாலு வயர். ஒரு பொத்தான் பற்றரி.
அறுபத்தெட்டாம் முகவரியில்
ஆரோ இருக்கினம் என்றது திரை.
நேரத்தை எழுதிக் கொடுத்து, பிளக்கைப் பிடுங்கி,
ஒரு பிளேன்ரீ முடியுமட்டும் இருந்து
திரும்பக் குத்தினேன்:
இன்றைக்கு. இந்த நிமிசம்.

பிறகு பழைய கொப்பிகளை ஏற்றத் தொடங்கினேன்.
2001 மார்கழி ஒன்பது. வான் பாயுது. காலை ஆறு.
கீழே தவநேசன் என்று கையெழுத்து,
ஓரத்தில் சின்னதாய் ‘ப.நே.’

பழைய நேரம்.
ஓமந்தைக்குத் தெற்கே அப்போது ஆறரை.
பலகைக்குத் தெரிந்ததெல்லாம் கொழும்பு நேரம்;
வெள்ளம் அரை மணி முந்தியே வந்ததாய் அடம்பிடிக்கிறது.

லீப் வருசம்கூட அந்தச் சிப்புக்குத் தெரியும்.
தவநேசனைத் தெரியாது.
ஒவ்வொரு வரிக்கும் முப்பது நிமிசம்
கையால் கூட்டுகிறேன்.

நூற்றுச் சொச்சம் வரி தாண்டக் கரண்ட் போனது.
இருட்டுக்குள் அது எண்ணிக்கொண்டிருக்கும்.
எந்த வரியில் நின்றேன் என்பது
எனக்குத்தான்.