முக்கால் பவுண்டுக்குச் சற்று மேல்

வாக்வாவிலிருந்து கடைசியாக வந்த எண்
தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு ஹெக்டோபாஸ்கல்.
அதன்பின் வானொலி இரைந்தது, அவ்வளவுதான்.
நான்காம் எச்சரிக்கை.
ஃப்ளாக் ஆஸ்பத்திரி ஜன்னல்களுக்கு
மாலையிலேயே பலகை அடித்துவிட்டார்கள்.
நான் சிலிண்டர்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்:
நூற்றைம்பது பார், நூற்றிருபது, நாற்பது,
பிறகு, முள் பூஜ்ஜியத்தில் படுத்துவிட்ட மூன்று.

ஏழாம் கட்டிலில் மிசியே வலைதோன்.
முப்பத்தோரு வருஷம் கரும்பாலையில்
பாய்லர் பார்த்தவர்.
சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு;
அவருக்கு உலகம் அதில்தான் ஓடும்.
மற்றதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பேச்சு.

"ஹெக்டோ என்றால்?"
"நூறு."
"பாஸ்கல்?"
"ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மேசை.
அதன்மேல் ஐந்து லிச்சிப் பழத்தைப் பரப்பிவையுங்கள்.
மேசைக்கு என்ன தெரியுமோ, அது."
"இதைக்கொண்டா புயலை அளக்கிறார்கள்"
என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.
பிறகு சுவரிடமே கேட்டார்:
"எவ்வளவு இறங்கியிருக்கிறது? பவுண்டில் சொல்."

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்,
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி கழித்தேன்.
ஆயிரத்துப் பதின்மூன்றில் ஐம்பத்தைந்து போய்விட்டது.
அறுபத்தொன்பதால் வகுத்தால்
முக்கால் பவுண்டுக்குச் சற்று மேல்.

சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.
"முக்கால் பவுண்டா!
என் பாய்லர் தும்மினாலே அதைவிட அதிகம்.
இதற்கா என் மகன்
கூரைக்கு வடம் போட்டுக் கட்டினான்?"

வெளியே எதுவோ அறுந்து
தார்ச்சாலையில் இழுபட்டுக்கொண்டே போனது.

கூரையைப் பிடுங்குவது இறக்கம் இல்லை,
பள்ளத்தைத் தூர்க்க ஓடிவரும் காற்று என்றேன்.
இந்த அறைக்குள்ளும் அதே அளவு இறங்கியிருக்கிறது,
கதவிடுக்கு போதும் அதற்கு.
கடல்தான் காட்டிக்கொடுக்கும்:
ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஒரு சென்டிமீட்டர்.
இந்நேரம் பெல் மாரில்
அரை மீட்டர் எழும்பி நிற்கும், அலையைச் சேர்க்காமல்.
விரித்த உள்ளங்கையின் மேலிருந்து
ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ விலகிவிட்டது.
கை உயரவில்லை.
கீழிருந்து தாங்கியதும் அதே அளவு விலகியிருந்தது.

இரண்டே கால் மணிக்கு மரி-ழொஸே வந்தாள்.
மின்சாரம் இல்லை; அலமாரியிலிருந்து
பழைய பாதரசக் கருவியை எடுத்திருந்தாள்.
பட்டையைச் சுற்றி, அமுக்கி, விட்டாள்.
நூற்று முப்பத்தொன்று, தொண்ணூறு.

"பவுண்டில்?"
மேல் எண்ணை ஐம்பத்திரண்டால் வகுத்தேன். "இரண்டரை."
முகம் சுருங்கிவிட்டது.
நூற்றைம்பது பவுண்டு நீராவியைக்
கைப்பிடியில் வைத்திருந்த மனுஷன்.
"வெறும் இரண்டரைக்கா
பத்து வருஷமாக உப்பில்லாத கறி?"

அப்போதுதான் எனக்குத் தட்டுப்பட்டது.
மேலிருந்து கீழைக் கழித்தேன்: நாற்பத்தொன்று.
வானத்தின் ஐம்பத்தைந்தைப் பாதரசமாக மாற்றினேன்,
நாலில் மூன்று பங்கு:
நாற்பத்தொன்று, மிச்சம் ஒரு துணுக்கு.
ஒரு துடிப்புக்குள்
அவர் நாளம் ஏறி இறங்குவதும்
முக்கால் பவுண்டுக்குச் சற்று மேல்.
தீவுக்கு இந்த வருஷத்தில் ஒரு தடவை.
இவருக்கு நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு.

சொன்னேன்.
மணிக்கட்டைப் பிடித்தபடி வெகுநேரம் கிடந்தார்,
அழுத்தமானியின் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பவர்போல.
"சின்ன பாய்லர்தான்," என்றார்,
"ஆனால் ஷிஃப்ட் மாற்ற ஆளில்லை."

விடியும்போது வாக்வா மறுபடி பேசியது:
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று.
அவர் தூங்கிவிட்டதால் மாற்றவில்லை.

பூஜ்ஜியத்தில் கிடந்த மூன்றுக்கும்
ஏட்டில் 'காலி' என்று எழுதினேன்.
சுற்றியுள்ள காற்றைவிட எவ்வளவு கூடுதல்,
முள் அதை மட்டுமே சொல்லும்.
எல்லோர்மேலும் இருப்பதை
அது கணக்கில் சேர்ப்பதில்லை.

நள்ளிரவில் தீர்ந்து மூடிய ஒன்றின் வால்வை
அரைச் சுற்றுத் திறந்தேன்.
உள்ளே இன்னும் புயலின் நடுவேளை.
கேட்டும் கேளாமலும் உஸ்ஸென்று
காலைக் காற்று அதற்குள் போனது.

செய்யக்கூடாத காரியம்.
ஏட்டில் எழுதவில்லை.