பாதாதிகேசம்

தெபிக்கிலிருந்து ஏழு மணிப் பேருந்து.
அலுவலகத்தில் சொன்னது பல்வலி.
முப்பத்திரண்டும் நலமாகச் சிரித்தபடி
சான் எலாடியோவில் இறங்கினேன்.
கடலை நோக்கிச் சரியும் தெருவில்
நாற்பதடிகூட வைக்கவில்லை,
இடக்கால் வார் அறுந்தது.

வெறுங்காலில் போயிருப்பேன்.
மே மாதத்துக் கல்தெரு
சோளரொட்டி சுடும் கல்லாய்க் கனன்றது.

கிரெசென்சியோவின் கடை ஒரு கதவு அகலம்.
செருப்பும் தைப்பான், கைபேசிக்கு உறையும் விற்பான்.
வாயில் நான்கு ஆணி. அவற்றின் இடுக்கு வழியே
"நாலு மணிக்கு வா" என்றான்.
"அதுவரை?"
யாரும் வந்து வாங்காத ஜோடிகளைக்
காலால் கிளறி
ஒரு பச்சைச் செருப்பை என் பக்கம் தள்ளினான்.
அரை விரல் பெரிது.
குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது,
எப்போதும் எதன்மீதோ
சாய்ந்தே நின்றவள் யாரோ.

கால் போன போக்கில் என்பார்கள்.
நான் செருப்பு போன போக்கில் போனேன்.

சந்தையில் இறால் நிறுக்கும் ஹெர்லிந்தா
முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்து பார்த்தாள்.
"ஓப்துலியாவோடது."
கேள்வியே இல்லை அது.
"ரெண்டு கிலோ கடன். எங்கே இருக்கா?"
தெரியாது என்றேன்.
"அவளும் இப்படித்தான் சொல்வா"
என்று காய்ந்த இறால் ஒரு கைப்பிடி
தாளில் மடித்துத் தந்தாள்.
காசு வாங்கவில்லை.
பழைய கணக்கில் எழுதிக்கொண்டாளோ என்னவோ.

அதன்பிறகு ஊரே என்னைப்
பாதாதிகேசமாகத்தான் பார்த்தது.
முதலில் செருப்பு, பிறகு பாவாடை,
கடைசியில் முகம்.
முகத்துக்கு வரும்போது ஓர் ஏமாற்றம்.
நுரை பூசிய ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு
முடிதிருத்துபவர் வாசலுக்கே வந்தார்:
"திஹுவானாவிலா இருக்கா இன்னும்?"
உள்ளிருந்து நுரை திருத்தியது:
"எர்மோசியோவில்."
தேவாலயப் படியில் சீட்டாடிய மூவரில்
ஒருவர் அவள் நன்றாக ஆடுவாள் என்றார்.
ஒருவர், அவளுக்கு ஆடவே வராது என்றார்.
மூன்றாமவர் வாயே திறக்கவில்லை.
அவருக்கு நல்ல சீட்டு விழுந்திருந்தது.

கலங்கரை விளக்கம் பூட்டியிருந்தது.
சாவி ஞானஸ்நான விருந்துக்குப் போயிருக்கிறது
என்றான் சைக்கிள் சிறுவன்.
பெரிய நஷ்டமில்லை.
சுவர் நிழலில் உட்கார்ந்து இறால் மென்றேன்.
ஒரு பெலிக்கன் கடலில் விழுந்தது,
கை நழுவிய குடை போல.
ஒன்றும் கிடைக்காமல் எழுந்தது. மறுபடி விழுந்தது.
அதற்கும் அவசரமில்லை.

படகுத்துறையில் ஒருவன்
என்ஜினைப் பிரித்துப் பரப்பியிருந்தான்.
ஸ்பானர் பாதித் திருகலில் நின்றது.
செருப்பைப் பார்த்தான்.
வெகுநேரமில்லை, ஓர் அலை வந்து போகிற நேரம்.
எதுவும் கேட்கவில்லை.
பக்கத்திலிருந்த மாங்காயைச் சீவி
மிளகாய்த்தூள் தூவி நீட்டினான்.
வாங்கும்போது கிரீஸ் என் விரலிலும் ஒட்டியது.
தின்று தீரும்வரை அங்கேயே நின்றேன்,
கயிறு கட்டும் கட்டையில் சாய்ந்து,
ஒரு குதிகாலை வெளிப்பக்கம் சரித்து.
அப்படி நிற்பவளில்லை நான்.

நாலு மணிக்கு என் செருப்பு தயாராயிருந்தது.
போட்டதும் இறுக்கிப் பிடித்தது,
சொந்தக்காரர்களைப் போல.
"கேட்டாங்களா?"
"கேட்டாங்க."
"எல்லாருமா?"
"ஒருத்தர் கேக்கலை."
வாயிலிருந்த ஆணிகளை எடுத்தான்.
ஏதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.
தண்ணீர் குடித்தான்.

முப்பது பேசோ கொடுத்தேன். ஐந்தைத் திருப்பினான்.
"சும்மா கிடந்தா தோல் வெடிச்சிடும்.
வருஷத்துக்கு ஒருதடவையாவது
யாராச்சும் நடக்கணும்.
என் கால் அதுக்குள்ள போகாது."
மணலைத் தட்டி, எண்ணெய் தடவி,
பச்சை ஜோடியை மேல்தட்டில் வைத்தான்,
முனை தெருவைப் பார்க்க.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்
அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றார்.
கலங்கரை விளக்கம் என்றேன்.
நாளைக்கு அலுவலகத்தில்
எந்தப் பல் என்று கேட்பார்கள்.
மாங்காய்ப் புளிப்பில்
இடப்பக்கக் கடைவாயில் ஒன்று
உண்மையாகவே கூசத் தொடங்கியிருந்தது.