போக வர ஒரு ட்ரிப்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி எடுக்க
இன்னும் ஆறு நிமிடம்.
டிரைவருக்குப் பின்னால் முதல் ஜன்னல் என் மகளுக்கு.
நாலரை வயது, டிக்கெட் கிடையாது.
கண்ணாடிக்கு உள்ளே வலது கண்ணில் ஒட்டிய பட்டையில்
இன்று அவளே ஒரு நண்டு வரைந்திருக்கிறாள்.
கால்களை எண்ணினால் பதினொன்று.

"பாப்பாவுக்கு அடிபட்டுச்சா?"
கேட்காத பயணி இல்லை.
இல்லீங்க, அது நல்ல கண்ணு.
"நல்ல கண்ணை எதுக்கு மூடணும்?"
மீதிச் சில்லறை எண்ணுவதற்குள்
சொல்லி முடிகிற கதையா அது?

ஆடி மாதம் அங்கன்வாடிக்கு வந்த நர்ஸ் திலகவல்லி
இடது கண்ணை மறைத்துப் படம் காட்டியபோது
வீடு, வட்டம், ஆப்பிள்
எல்லாம் ராகம் போட்டுச் சொன்னாளாம் சஷ்விகா.
வலது கண்ணை மறைத்ததும் அட்டையைத் தட்டிவிட்டாள்.
மறுபடி மறைக்க,
கையைக் கடித்துவிட்டாள்.

"ரொம்பப் பிடிவாதம் மேடம்" என்றாள் என் மனைவி.
பல் பதிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே
அந்தம்மா மெதுவாகச் சொன்னது:
"இன்னொரு கண்ணு பார்க்கலைம்மா."

மாறுகண் இல்லை, நீர் வடியவில்லை,
தடுக்கி விழுந்ததில்லை.
எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற பிள்ளை.

பாண்டி ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு
பாப்பா கறுத்து விரியும்வரை உட்கார வைத்தார்கள்.
இடதில் பவர் கூட; மூளை அதைக் கேட்பதில்லை என்றார் டாக்டர்.
எனக்கு என் தொழில் வழியாகத்தான் புரிந்தது.
ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பாக்கி கேட்டால்
சத்தமாய்க் கேட்பவனிடம்தான் கை போகும்.
மற்றவன் கொஞ்ச நாளில்
கேட்பதையே விட்டுவிடுவான்.

காத்திருந்த நேரத்தில் சும்மாதான்
என் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன்.
சுவர்க்கடிகாரத்தில் முள் இல்லை.
எண் இல்லை.
வெள்ளையாய் ஒரு தட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

இருபத்து மூன்று வயதில் ஹெவி லைசென்ஸ் கேட்டுப் போனபோது
ஃபாரத்தில் யாரோ ஏதோ கிறுக்கித் திருப்பி அனுப்பினார்கள்.
ஏன் என்று நானும் கேட்கவில்லை.
அன்றிலிருந்து விசில்தான்.
சோற்றுக்கை, பீச்சாங்கை மாதிரி
கண்ணிலும் ஒன்று அப்படித்தான் என்றிருந்தேன்.

"எனக்கும் ஒட்டலாமா சார்?"
லைட் அடித்துப் பார்த்தார்.
"உங்களுக்கு முப்பத்தெட்டு" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.

அவளுக்கு தினம் ரெண்டு மணி நேரம்.
வீட்டில் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள்.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்று, தெருநாய் முதுகில் ஒன்று
ஒட்டிக்கொண்டு கிடந்தன.
பாண்டிக்கு ஒரு மணி, திரும்ப ஒரு மணி.
டாக்டர் எழுதிய கணக்கு
என் ட்ரிப் ஷீட்டில் ஏற்கெனவே இருந்தது.

முதல் வாரம் ரெட்டிச்சாவடி வரை அழுகை.
டிரைவர் அமிர்தலிங்கம்
ஹாரன் அடித்தே சமாதானம் செய்தார்.
ஒரு நாள் கன்னியக்கோயிலில் திடீரென்று,
"அப்பா, ஜூஸ் பாட்டில்!"
ஒயின்ஷாப் போர்டு.
பஸ்ஸே சிரித்தது.
இடது கண்ணுக்கு முதலில் தெரிந்தது இதுதான் என்று
அவள் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
வீட்டில் இன்னொருத்தன் இருக்கிறான்,
ஒன்றரை வயது, பளிச்சென்று சிரிப்பவன்.
"அவனுக்குமா? நல்லாத்தானே பார்க்கிறான்" என்றார் மாமனார்.
நானும் நல்லாத்தான் பார்த்தேன்
முப்பத்தெட்டு வருஷம்.

இப்போது சுண்ணாம்பாற்றுப் பாலம்.
"அப்பா, படகு."
எத்தனை பேர்?
"மூணு. ஒருத்தர் கை ஆட்டறார்."

கம்பியில் சாய்ந்து
என் வலது கண்ணைப் பொத்திப் பார்க்கிறேன்.
ஆறு முழுக்க வெயில்.
படகு எங்கே என்று தெரியவில்லை.

"நீயும் கை ஆட்டுப்பா" என்கிறாள்.
ஆட்டுகிறேன்,
அவள் விரல் காட்டும் பக்கமாக.
முருங்கப்பாக்கம் எல்லாம் முன்னாடி வாங்க.