நான்கு மணிக் காற்று

வெள்ளவத்தையில், மூன்றாம் மாடி யன்னலோரம் இருந்து
ஐந்தாம் அத்தியாயத்தை எழுதினேன்.
கனகாத்தை கடற்கரையில் நிற்கிறாள்.
சந்தியா அவள் கையைப் பிடிக்கிறான்.
சூரியன் பொன்னாக உருகிக்
கடலுக்குள் இறங்குகிறது.

இரவு ரயிலில் திருகோணமலை வந்து
டச்சுக்குடாவில் செருப்பைக் கழற்றிய மாலை
சூரியன் என் முதுகுக்குப் பின்னால்,
கடைத்தெருக் கூரைகளுக்கு அப்பால் போய் விழுந்தது.
கடல் சாம்பல் பூசிச் சும்மா கிடந்தது.
“இஞ்ச அது காலமைதான் அக்கா கடலுக்கால வரும்”
என்றான் கச்சான் விற்ற பையன்,
சுருளில் இரண்டு பருப்பைக் கூடப் போட்டு.

ஒரு சூரியனைத் திருப்பி வைப்பது லேசில்லை.
விடியலென்றால்
இரவு முழுக்க அவன் எங்கே இருந்தான்?
அவளோடு இருந்தான் என்றால் தகப்பன் எங்கே?
தகப்பனை வலையோடு கடலுக்கு அனுப்பினேன்.
மார்கழி வாடையில் எவன் வள்ளம் இறக்குவான்?
சரி, கதையையே ஆடிக்கு மாற்றினேன்.
மழைவரிகள் பதினேழு போயின.
அவள் நனைந்த கூந்தல் போயிற்று.
அதில் எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

பிறகு கோயில் மணி.
அவர்கள் முதன்முதல் கண்டுகொள்ளும் இடத்தில்
நீளமாக அடித்திருந்தேன்.
அந்த நூற்றாண்டில் மலையில் கோயிலே இல்லை.
இடித்தவர்கள் இடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.
சனங்கள் பாறை விளிம்புக்கு வந்து
பூவைக் கடலுக்கு எறிந்துவிட்டுத் திரும்பினார்கள்.
மணியை வெட்டினேன்.
வெட்டிய இடத்தில் கொஞ்ச நேரம்
ஒன்றையும் வைக்க முடியவில்லை.
கீழே அலை பாறைப் பொந்துக்குள் நுழைந்து
தொண்டை அடைத்தவன் மாதிரி வெளியே வந்தது.
அதை வைத்தேன்.

தேநீர் போயிற்று. நெருப்புக்குச்சி போயிற்று.
அவன் கையில் மல்லிகை மணத்ததாம்,
எவ்வளவு பொய்!
கோட்டைக்குள் பாய்மரச் சீலை தைக்கிறவன் கையில்
கீல் மணக்கும், ஈரக் கயிறு மணக்கும்,
ஊசி குத்திய விரலில் புன்னையெண்ணெய் மணக்கும்.
அவள் அந்த விரலைத்தான் முகர்வாள்.
இதைப் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்தேன்.
கோட்டை வாசலில் ஒரு புள்ளிமான்
டிக்கெட்டைத் தின்றுவிட்டது.

மானைத் திட்டிக்கொண்டே மதிலை அளந்தேன்.
வாசலிலிருந்து ஆலமரத்துக்கு நாற்பத்தாறு எட்டு.
நிழல் எந்தப் பக்கம், காவல் எப்போது மாறும்,
எந்த மூலையில் நின்றால் ஆளைத் தெரியாது.
ஒரு சின்னப் படமும் கீறினேன்.

“என்ன எழுது?”

சீருடைப் பையன். இருபத்திரண்டு வயதிருக்கும்.
கொப்பியை வாங்கிப் புரட்டினான்.
தமிழ் அவனுக்கு வாசிக்க வராது,
படம் எல்லாருக்கும் வாசிக்க வரும்.
அம்புக்குறிகள். எண்கள். மூலையில் ஒரு பெருக்கல்.
அந்தப் பெருக்கலில்தான்
அவர்கள் முத்தமிடப் போகிறார்கள்
என்று எந்த மொழியில் சொல்வது?
என் வயதில் ஒருத்திக்கு
இந்த ஊரில் இப்படிப் படம் கீறியது
எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று
திடீரென்று கை குளிர்ந்தது.

“காதல் கதை” என்றேன். “பழைய காலம்.”
“எந்த வருசம்?”
“ஒல்லாந்தர் வருசம்.”
அவன் நெற்றி இளகியது.
கொப்பியை உடனே தரவில்லை.
சந்தியாவின் மடியிலும்
இப்படி ஒரு தாள் அகப்படப் போகிறது என்று
அந்த இடைவெளியில்தான் எனக்குத் தெரிந்தது.
அவளிடம் வரும் வழியை
அவன் கீறி வைத்திருப்பான்.
அதைக் கோட்டையில் ஒருவனும்
காதல் என்று வாசிக்க மாட்டான்.

தரும்போது பையன் வானத்தைப் பார்த்தான்.
“நாலு மணி காத்து வரும். தொப்பி போகும்.
ஒவ்வொரு நாளும்.”

நின்று பார்த்தேன்.
நான்கு அடித்து ஆறு நிமிடத்தில் காற்று திரும்பியது.
கச்சான் அடங்கிக் கடற்காற்று மதில் ஏறியது.
அவன் தலையில் கை வைத்துச் சிரித்தான்.

இப்போது ஐந்தாம் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது:
காவலனின் தொப்பி பறக்கிறது.
அவன் அதன் பின்னால் ஓடுகிறான்,
குனிகிறான், தவறவிடுகிறான், மறுபடி ஓடுகிறான்.
வாசல் திறந்து கிடக்கிறது.