மத்லூப்

அஜ்மானில், மீன் சந்தைக்குப் பின்தெருவில்
எங்கள் டைப்பிங் சென்டர்.
விசா, மெடிக்கல், வாடகை ஒப்பந்தம்,
பிறந்த குழந்தைக்குப் பெயர்,
எல்லாம் அரபியில் அடித்துத் தரப்படும்.
பலகையில் எழுதாத வேலை ஒன்றுண்டு:
உங்கள் பேரில் வழக்கிருக்கிறதா என்று
பார்த்துச் சொல்வேன்.

அதற்கு வருகிறவர்களை நடையிலேயே தெரியும்.
முதலில் போட்டோகாப்பி எடுப்பார்கள்,
தேவையில்லாமல் இரண்டு பிரதி.
பிறகு, ‘ஒரு ஃபிரெண்டுக்காக’ என்று தொடங்குவார்கள்.
ஃபிரெண்டின் அட்டை எண் மனப்பாடமாக இருக்கும்.
அடுத்தவர் கணக்கை இங்கே புரட்ட வழியில்லை.
அவரவர் பயத்தை
அவரவர் போனுக்கு வரும் ஆறு இலக்கத்தால்தான்
திறக்க முடியும்.

தாழைமுத்து வந்தது நோன்பு மாதத்து மதியம்.
ஏசி டக்ட் வேலை. நகக்கண்ணில் தகரத் தூள்.
‘ஃபிரெண்டுக்கா?’ என்றேன்.
‘எனக்குத்தான்.’
ஆறு வருடத்தில்
அப்படிச் சொன்ன முதல் ஆள்.

அறையில் உடனிருந்த ஜெபஸ்தியான் கார் வாங்க
இவர் போட்ட ஜாமீன் கையெழுத்து.
காசோலை திரும்பியது.
ஜெபஸ்தியான் திரும்பவில்லை.
அன்றிலிருந்து
போலீஸ் வண்டி நிற்கும் ரவுண்டானா என்றால்
முக்கால் கிலோமீட்டர் சுற்றி நடை.
ஏர்போர்ட் பக்கம் வேலை என்றால் காய்ச்சல்.
மகளுக்குக் காது குத்தியதை
போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தார்.
லீவு தராத கம்பெனி என்று
வீட்டில் எல்லோரும் சபித்தார்கள்.
கம்பெனி வருடந்தோறும் டிக்கெட் நீட்டியது.
இவர்தான் அதைப் பணமாக வாங்கிக்கொண்டார்.

பிடியாணை உள்ளவனை இங்கே
மத்லூப் என்பார்கள்.
தேடப்படுபவன்.
அதே சொல்லைத்தான் கடைக் கண்ணாடியிலும் ஒட்டுகிறார்கள்.
மத்லூப்: பரோட்டா மாஸ்டர்.
மத்லூப்: டக்ட் வேலைக்கு ஆள்.
வா என்பதற்கும்
விடமாட்டேன் என்பதற்கும்
ஒரே நான்கைந்து எழுத்து.

எண்ணை அடித்தேன்.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
பிறகு அரபியில் ஐந்து வரி.
நான் வலமிருந்து படிக்க
அவர் என் உதட்டைப் படித்தார்.

ஆணை பிறந்த தேதி.
ஆணை ரத்தான தேதி.
இடையில் பதினோரு நாள்.

‘பணம் கட்டியாச்சு. கேஸ் முடிஞ்சு நாலு வருஷம் ஆகுது.’
‘யார் கட்டினா?’
அந்தக் கட்டம் காலி.

சொல்லவேண்டியதையும் சொன்னேன்:
இது இந்த இடத்துக் கணக்கு மட்டும்,
பக்கத்து எமிரேட்டுக்கு வேறு கதவு,
கோர்ட்டுக்கு இன்னொன்று,
இந்தத் திரை ‘இல்லை’ என்றால்
இங்கே இல்லை, அவ்வளவுதான்.
அவர் காதில் விழவில்லை.
ஜெபஸ்தியானைத் திட்டியதையெல்லாம்
திருப்பி எடுத்து வைப்பவர்போல
விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தார்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.
‘பேரு என்னன்னு போட்டிருக்கு?’
அரபியில் ழகரம் இல்லை.
பாஸ்போர்ட்காரனும் அதற்கு மெனக்கெடவில்லை.
எழுத்துக் கூட்டினேன்: தலைமுத்து.

‘நாலு வருஷம் பயந்தது தாழைமுத்து.
விட்டது தலைமுத்தையா?’

எண் உங்களுடையதுதான் என்றேன்.
இருபது திர்ஹம் வைத்துவிட்டு
சுவரோரமாகவே நடந்து போனார்.

பத்து நிமிடத்தில் மறுபடி வாசலில்.
‘இதுல ஒரு சீல் அடிச்சுத் தர முடியுமா?’

என்னிடம் இருப்பது கடை முத்திரை.
பெயர், போன் நம்பர்,
கீழே பொடி எழுத்தில் லேமினேஷன் செய்யப்படும்.
எந்தக் கவுண்டரிலும் அதற்கு மதிப்பில்லை,
அதையும் சொல்லிவிட்டுத்தான்
அழுத்தி அடித்தேன்.

மை காயும்வரை
ஊதிக்கொண்டே நின்றார்.