முழுப் பேர்

பதினெட்டுக் கிலோ வந்தால் முழுப் பேர்.
பதினேழரை என்றால் அரைப் பேர்தான்.
சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு ஒன்று என்று
தராசு முள் நிற்கும் முன்பே கழிப்பார்கள்.
இருபது வருசமாய் நிறுவைக்கு நின்றவள் நான்.
கழிப்பது எப்படியென்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
வீட்டுக்கு வந்து அதையே செய்தேன்.

கறுப்பி என்றேன்.
கணக்கில் நாற்பத்தொன்று எடுத்து வந்த அன்று
உனக்கெல்லாம் எதுக்கு டியூசன் காசு என்றேன்.
அவள் அப்பன் கொழும்புக் கடையிலிருந்து பேசினால்
மகனைக் கேட்பான், பிறகு கரண்ட் பில்லைக் கேட்பான்.
விதுர்ஷிகா என்று ஒரு பேர்
பிறப்புச் சான்றிதழில் இருந்தது.
எங்களுக்கு 'ஏய்' போதுமாயிருந்தது.

போன், தோட்டை அடகு வைத்து
படிப்புக்கென்று வாங்கியது.
எங்கள் தொங்கல் காம்பராவில் ஒரு கோடும் விழாது.
ஏழாம் நம்பர் மலையில்
தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால்
இரண்டு கோடு.
அங்கேதான் அவன் வந்தான்.

பதினாறு வயது, கண்டியில் படிக்கிறேன் என்றானாம்.
முதல் நாளே கேட்டானாம்:
உன் முழுப் பேர் என்ன?
எழுத்துக்கூட்டி எழுதி, அழகான பேர் என்றானாம்.
நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டானாம், இரண்டு தரம்.
மூன்றாம் வாரம் படம் கேட்டான்.
முகம் அனுப்பினாள்.
முகம் மட்டும் போதாது என்றான்.
வீட்டில் சொன்னால் இந்த முகத்தை
என்னென்னவோ செய்து ஊருக்கெல்லாம் அனுப்புவேன் என்றான்.

தகரத்தில் மழை கொட்டிய ராத்திரி
அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.
மெதுவாய்ச் சொன்னது கேட்கவில்லை.
இன்னொரு முறை, சத்தமாய்ச் சொல்ல வேண்டியிருந்தது.
கை ஓங்கினேன், பொய் சொல்ல மாட்டேன்.
ஓங்கிய கை எங்கே இறங்குவதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.
வேற என்னடி சொன்னான்?
"என் சிரிப்பு நல்லாருக்குன்னு சொன்னான்மா."

அது எனக்குத் தெரியும்.
ஐந்தாம் மாசம் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு
மலைக்கு ஏறும்போது திரும்பிப் பார்த்தேன்.
ஆயாவின் தோளில் கிடந்து சிரித்தாள்.
அன்றைக்கே தெரியும்.
பதின்மூன்று வருசம் வைத்துக்கொண்டே இருந்தேன்.
எவனோ ஒருத்தன்
இரண்டு கோடு சிக்னலில் சொல்லிவிட்டான்.

அப்புறம் ஏன் நீ அனுப்பல?
"அவசரப்படுத்தினான்மா.
அவசரப்படுத்தினா பந்தை விடக்கூடாது.
நான் நெட்போல்ல கோல் கீப்பர்."
அவள் நெட்போல் விளையாடுகிறாள் என்பதே
எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் பெரட்டுக்குப் போகவில்லை.
பொகவந்தலாவை பொலிஸில்
சிங்களத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினார்கள்.
பேனையை நீட்டினார்கள், நான் வாங்கிவிட்டேன்.
எத்தனை தாளில் இப்படிப் போட்டிருப்பேன்,
கடனுக்கு, காணிக்கு, சங்கத்துக்கு.
அவள் என் முழங்கையைப் பிடித்தாள்.
"தமிழில வாசிச்சுக் காட்டுங்க.
பிறகு போடுறோம்."
குரல் நடுங்கியது.
அவர் கேளாததுபோல் இருக்க
அதே நடுக்கத்தோடு திரும்பச் சொன்னாள்.

தமிழ் தெரிந்த ஆளைத் தேடிப் போனார்கள்.
பெஞ்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல்.
பணிஸ் ஒன்றைப் பாதியாய்ப் பிய்த்தாள்,
பெரிய பாதியை அவளே வைத்துக்கொண்டாள்.
எனக்கு அது பிடித்திருந்தது.
வந்தவர் வாசித்தார். ஓரிடத்தில் பேர் பிழை.
நான் எழுந்து சொன்னேன்:
வி. து. ர். ஷி. கா.
ஒவ்வொன்றாய், அவர் எழுதி முடிக்கும்வரை.

அவனைப் பிடித்தார்களா, இன்னும் தெரியாது.
போன் பொலிஸில் இருக்கிறது.
இறங்கி வரும்போது
சனிக்கிழமை ஹட்டனில் மேட்ச் இருக்கு, ஆனா
நீ வர வேணாம், உனக்கு வேலை என்றாள்.
வருகிறேன் என்றேன்.
பகலோடு மலையிலிருந்து இறங்கினால்
என்ன குறையப் போகிறது,
அரைப் பேர்தானே.